கரும்பலகைக்குப் பின்னால் இருந்த சோற்றுப் பாத்திரங்கள்

கணினி வந்துவிட்டது, கைப்பேசி வந்துவிட்டது, இனி படிப்புக்குச் சாதி கிடையாது என்று சொல்பவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். ஆசிரியர் பயிற்சி முகாம்களில் இதைச் சொல்கிறார்கள். நம் மாணவர்களிலும் சிலர் நம்புகிறார்கள். மின்சாரத்துக்குத் தீட்டு தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கற்பிக்கும் கருவி எதுவும் ஆகாயத்தில் தொங்குவதில்லை. அது ஒரு கட்டடத்தில் இருக்கிறது, ஒரு தெருவில் இருக்கிறது, ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, அதை யார் தொடலாம் என்பதுதான் கற்பிக்கும் வேலையில் இருக்கிற நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

கரும்பலகையையே எடுத்துக்கொள்வோம். திண்ணைப் பள்ளியின் மணலுக்கும் ஓலைக்கும் பிறகு வந்த புதுக் கருவி அது. வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் தெரியும், பொதுவானது. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் ஒரு கணக்கைப் போட அம்பேத்கரைப் பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல். மற்ற மாணவர்கள் தங்கள் சோற்றுப் பாத்திரங்களை அந்தப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர் கிட்டே போய்விட்டால் சோறு தீட்டாகிவிடுமாம். ஓடிப்போய்ப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. அதற்கு முன் சாத்தாராவில் படித்தபோது அவர் உட்கார்ந்தது தனிச் சாக்குத் துணியில். பள்ளியைப் பெருக்கும் ஆள்கூட அதைத் தொடமாட்டார். மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். அரசு நடத்திய பள்ளி அது. பாடம் எல்லாருக்கும் ஒன்று, உட்காரும் இடம் மட்டும் வேறு.

இது ஆசிரியர்களின் மனக்கோணல் மட்டும் அல்ல, அரசின் கொள்கையாகவே இருந்தது. 1856-இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு மனுக் கொடுத்தான். ஒரே ஒருவனுக்காக மற்றவர்கள் எல்லாரும் பள்ளியை விட்டுப் போய்விடும் நிலையை உண்டாக்க முடியாது என்று பம்பாய் அரசு மறுத்துவிட்டது. எண்ணிக்கைக் கணக்கைக் காட்டி நியாயத்தை ஒத்திப்போடும் இந்தப் பழக்கத்தை இன்றைய அலுவலகங்களிலும் நாம் பார்க்கிறோம்.

சென்னை மாகாணத்தில் இவ்வளவு வெளிப்படையாக மறுக்க வேண்டிய அவசியமே பல ஊர்களில் எழவில்லை. பள்ளிக்கூடம் அக்ரகாரத்திலோ கோயிலடியிலோ இருந்தது. சேரிப் பிள்ளை அந்தத் தெருவிலேயே நடக்க முடியாது என்னும்போது பள்ளியின் கதவு திறந்திருந்து என்ன பயன்? 1894-இல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கருவி நம் கைக்கே வந்தபோது நடந்தது வேறு. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். விலையைப் பெயரிலேயே வைத்தவர் அவர். கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் வரை அந்த இதழ் போயிற்று. அச்சு இயந்திரம் அன்றைக்கு இன்றைய இணையத்தைப் போலப் புதியது, விலை கூடியது. இவர்கள் அதை வாசிப்பதற்கான சாதனமாக மட்டும் பார்க்கவில்லை. எழுத்தும் அச்சுக்கூடமும் தங்களிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். கைப்பேசியில் பிறர் போடும் காணொளியைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த பெரிய முயற்சி செயற்கைக்கோள் தொலைக்காட்சி. 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு அமெரிக்க செயற்கைக்கோள் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பானது. பெட்டிகளைப் பள்ளி, ஊராட்சிக் கட்டடம் போன்ற பொது இடங்களில் வைத்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் அலை ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துப் பார்க்காது. ஆனால் பொது இடம் என்று அரசு எழுதும் இடத்தில் நம் மக்கள் திண்ணையேறி உட்காரலாமா என்பதை முடிவு செய்தது செயற்கைக்கோள் அல்ல.

2011-இல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. இலவசம் என்று கேலி செய்தவர்களின் வீட்டில் அப்போதே கணினி இருந்தது. மாணவரின் பெயரில், மாணவரின் வீட்டுக்கே ஒரு கருவி வருவது சிறிய காரியம் அல்ல என்பது நம் கருத்து. தேசிய மாதிரி ஆய்வின்படி 2017-18-இல்கூட இந்தியக் கிராமங்களில் 4.4 சதவீத வீடுகளில்தான் கணினி இருந்தது.

பிறகு 2020 வந்தது. பள்ளிகளை மூடினார்கள், பாடத்தைத் திரைக்கு மாற்றினார்கள். கேரளத்தில் தொலைக்காட்சி வழி வகுப்புகள் தொடங்கியது ஜூன் 1. அன்றே மலப்புரம் மாவட்டத்தில் தலித் மாணவி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தந்தை கூலித் தொழிலாளி. வீட்டு டிவி பழுதாகிக் கிடந்தது. வகுப்பைப் பார்க்கக் கைப்பேசியும் இல்லை. கல்வியில் முன்னேறிய மாநிலம் என்று நாமெல்லாம் எடுத்துக்காட்டும் கேரளத்தில் இது நடந்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ழான் த்ரேஸ், ரீத்திகா கேரா முதலியோர் ஒருங்கிணைத்த ஆய்வு, பின்தங்கிய குடியிருப்புகளில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்தது. கிராமப்புறத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் இணைய வழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 4 சதவீதம். மற்றக் கிராமப் பிள்ளைகளில் 15 சதவீதம். ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளிலும் அது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவரோடு போய்விட்டது. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிற அப்பாவின் பையில் வகுப்பறை இருந்தால் பிள்ளை எப்படிப் பாடம் கேட்கும்?

கருவி கிடைத்துவிட்டால் போதும் என்பதும் சரியில்லை. 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியின் இணைய வகுப்பில் ஒரு பேராசிரியர் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களை வசைபாடிய காணொளி நாடெங்கும் பரவியது. அந்த மாணவர்களிடம் கணினியும் இணையமும் இருந்தன. அவற்றின் வழியாகத்தான் அந்த வசை அவர்கள் வீட்டுக்குள் வந்தது. வசையைப் பதிவுசெய்து உலகுக்குக் காட்டியதும் அதே கருவிதான். 1856-இல் தார்வார்ச் சிறுவனிடம் ஒரு மனுத்தாள் மட்டுமே இருந்தது.

இப்போது அரசுப் பள்ளிகளில் திறன் வகுப்பறைகளும் கணினி ஆய்வகங்களும் வருகின்றன. வரட்டும், வேண்டும். படிக்கிற தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊருக்குப் போகும்போது பாருங்கள்: ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் எத்தனை கணினிகள் ஓடுகின்றன, நூலகமும் இணைய மையமும் எந்தத் தெருவில் இருக்கின்றன, மாலை ஆறு மணிக்குமேல் சேரியிலிருந்து ஒரு பெண் பிள்ளை அங்கே போய்வர முடியுமா. தேதியும் இடமும் போட்டு எழுதுங்கள். நாம் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம்.