ரோந்துக்கு வந்த பெண்கள்: அமெரிக்கக் காவல்துறையில் ஒரு நெடிய வழக்கு

ஆயுதம் ஏந்தியவனையும் வெறிகொண்ட கூட்டத்தையும் நேருக்கு நேர் எதிர்கொள்ள வேண்டிய காவல் பணிக்குப் பெண்கள் ஏற்றவர்களா என்ற கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1960களின் இறுதியில்தான் உரக்க எழுந்தது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாகப் பெண்கள் அந்நாட்டின் சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் வேலை பார்த்துவந்தனர். அவர்களுள் சிலர் ஆண்களே தயங்கும் இடங்களுக்கும் தனியாகச் சென்றுவந்தனர். அப்போதெல்லாம் அவர்களது உடல் வலுவைக் குறித்து மேலதிகாரிகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. சீருடை அணிந்து, இடுப்பில் துப்பாக்கி கட்டி, ரோந்து வண்டியில் ஏறித் தெருவில் அதிகாரத்துடன் நிற்கப் பெண்கள் முன்வந்தபோதுதான் அந்தக் கவலை பிறந்தது. இந்தக் கால வரிசையைக் கவனத்தில் கொள்ளாமல் அவ்விவாதத்தின் உட்பொருளைப் புரிந்துகொள்ள இயலாது.

அமெரிக்கக் காவல் அமைப்புக்குள் பெண்கள் நுழைந்த முதல் வாசல் சிறைச்சாலை. 1845இல் நியூயார்க் நகரம், சீர்திருத்தச் சங்கப் பெண்களின் இடைவிடாத வற்புறுத்தலுக்குப் பின், பெண் கைதிகளைக் கண்காணிக்கப் பெண்களை நியமித்தது. 'மேட்ரன்' எனப்பட்ட இவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. பெண் கைதிகளைச் சோதனையிடுவதும், நோயுற்றவர்களைப் பார்த்துக்கொள்வதும், தாயோடு வந்த குழந்தைகளைக் கவனிப்பதுமே அவர்கள் வேலை. பணியில் இறந்த காவலரின் மனைவிக்குப் பிழைப்புக்கு வழி செய்யும் ஏற்பாடாகவும் இப்பதவி பல ஊர்களில் பயன்பட்டது. 1908இல் போர்ட்லாந்து நகரில் லோலா பால்ட்வினும், 1910இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸும் உறுதிமொழி ஏற்றுக் காவல் பணியில் அமர்ந்த பின்னரே, கைது அதிகாரம் உடைய பெண் காவலர் என்ற நிலை பரவலாக அறியப்பட்டது. அக்காலத்தில் காவலர்கள் தம் சின்னத்தைக் காட்டி டிராம் வண்டியில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். வெல்ஸ் தமது சின்னத்தைக் காட்டியபோது, கணவனின் சின்னத்தை எடுத்துவந்து ஏமாற்றுவதாக நடத்துநர் குற்றம் சாட்டினார். அதன் பிறகு, 'பெண் காவலர்' என்று பொறித்து முதலாம் எண்ணிட்ட தனிச் சின்னத்தைத் துறை அவருக்கு வழங்கியது.

அந்தத் தனிச் சின்னத்தோடு தனிப் பாதையும் வந்தது. வெல்ஸும் அவரது தலைமுறையினரும் ஆண்களைப் போல வேலை செய்வோம் என்று வாதிடவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நேரும் தீங்குகளைத் தடுக்கத் தாய்மையின் கண்ணோட்டம் தேவை என்றும், அதை ஆண் காவலரால் தர இயலாது என்றும் வாதிட்டனர். நடன அரங்குகள், திரையரங்குகள், ரயில் நிலையங்கள், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுமிகள் ஆகியவை அவர்களது ஆட்சி எல்லைக்குள் வந்தன. 1915இல் பெண் காவலர்களின் பன்னாட்டுச் சங்கம் உருவானபோது இந்தக் கொள்கையே அதன் அடித்தளமாக அமைந்தது. அக்காலச் சூழலில் வேறு எந்த வாதமும் எடுபட்டிருக்காது என்பதால் அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. ஆயினும் வாசலைத் திறந்த அதே வாதம்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு அவர்களை முன்னறையிலேயே நிறுத்திவைத்தது. 'பெண்கள் பிரிவு' என்ற தனிக் கூடம் அமைந்தது. அதற்குத் தனி ஊதியம், தனிப் பதவி உயர்வு, தனித் தேர்வு என்று எல்லாம் பிரிந்தன. ஆண்களுக்கு வேண்டாத கல்வித் தகுதியைப் பெண்களிடம் மட்டும் கேட்கும் வழக்கமும் பல நகரங்களில் நிலைபெற்றது.

ஆனால் ஆபத்து அந்தக் கூடத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை. 1912 பிப்ரவரியில் நியூயார்க்கில் வங்கிப் பணம் 25,000 டாலரை ஏற்றிச்சென்ற டாக்ஸியைப் பட்டப்பகலில் ஒரு கும்பல் மறித்துக் கொள்ளையடித்தது. ஆண் துப்பறிவாளர்கள் பலர் தேடியும் துலங்காத அவ்வழக்கில், காவலர் ஒருவரின் விதவையும் 1896 முதல் மேட்ரனாக இருந்தவருமான இசபெல்லா குட்வின், கொள்ளையரோடு தொடர்புடையவர்கள் தங்கிய விடுதியில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து, தரை துடைத்துக்கொண்டே அவர்கள் பேச்சைக் கேட்டுத் தகவல் சேகரித்தார். கையில் துடைப்பமும் வாளியும் மட்டுமே இருக்க, அடையாளம் வெளிப்பட்டால் உயிர் தப்புவது அரிது என்ற நிலையில் அவர் செய்த வேலையே கைதுகளுக்கு வழிவகுத்தது. அவர் முதல்நிலைத் துப்பறிவாளராக உயர்த்தப்பட்டார். 1931இல் அதே நகரக் காவல்துறையில் சேர்ந்த மேரி ஷான்லி, கடைகளிலும் நெரிசல் மிக்க தெருக்களிலும் ஜேப்படித் திருடர்களைத் துரத்திப் பிடித்து, தம் பணிக்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதுகளைச் செய்தவர். சீருடையும் உடன் வரும் துணையும் இல்லாத மாறுவேடப் பணி, சீருடைக் காவலரின் பணியைவிட ஆபத்துக் குறைந்தது என்று எந்தக் காவல் அதிகாரியும் சொல்ல மாட்டார். அப்பணிக்குப் பெண்களை அனுப்பத் தயங்காத துறை, ரோந்துக்கு மட்டும் அவர்களது உடலமைப்பைக் காரணம் காட்டியது.

ரோந்து என்பது ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தைச் சீருடையில் நடந்தோ வண்டியிலோ சுற்றிவந்து, அழைப்பு வந்தவுடன் முதலில் சென்று சேரும் அடிப்படைக் காவல் பணி. அமெரிக்கக் காவல் அமைப்பில் ஏறக்குறைய எல்லா உயர்பதவிக்கும் இதுவே முதற்படி. ரோந்து அனுபவம் இல்லாதவர் ஏட்டு நிலைக்கு ஒப்பான 'சார்ஜென்ட்' பதவிக்குக்கூட விண்ணப்பிக்க முடியாத நிலை பல இடங்களில் இருந்தது. ஆகவே ரோந்து மறுக்கப்பட்டபோது, ஆபத்தோடு சேர்த்து அதிகாரமும் மறுக்கப்பட்டது. நியூயார்க்கின் ஃபெலிசியா ஷ்பிரிட்ஸர், சார்ஜென்ட் தேர்வு எழுதப் பெண் என்பதாலேயே அனுமதி கிடைக்காத நிலையில் 1961இல் நீதிமன்றம் சென்றார். வழக்கில் வென்று, தேர்வெழுதி, 1965இல் அப்பதவியை அடைந்தார். கூடவே தேர்வில் வென்ற கெர்ட்ரூட் ஷிம்மல் பின்னாளில் அத்துறையின் உயர்பதவி வரை சென்றார். இவ்வழக்கில் விவாதிக்கப்பட்டது மேசைப் பணியிலும் மேற்பார்வையிலும் வரும் ஒரு பதவி. அதற்கே நான்காண்டுகள் போராட வேண்டியிருந்தது.

தெருவுக்கான வாசல் 1968 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நகரில் திறந்தது. பெட்டி பிளாங்கென்ஷிப், எலிசபெத் காஃபல் ஆகிய இருவரும் இடைவாரில் துப்பாக்கி செருகி, காவல்துறை முத்திரையிட்ட 47ஆம் எண் வண்டியில் ஏறி, ஆண் காவலர்களுக்குரிய அதே அழைப்புகளுக்குச் சென்றனர். பெண் காவலர்கள் பாவாடை அணிந்து துப்பாக்கியைக் கைப்பையில் எடுத்துச்செல்வதே பல நகரங்களில் வழக்கமாக இருந்த காலம் அது. ஆபத்தான நொடியில் கைப்பையைத் திறந்து துழாவ வேண்டியவர், இடுப்பிலிருந்து உருவுகிறவரைவிடத் தாமதமாகவே ஆயுதத்தை எடுப்பார். பெண் மெதுவானவள் என்ற முடிவுக்கு வருமுன், அவளுக்குத் தரப்பட்ட உடையும் பையும் எத்தகையவை என்று கேட்டிருக்க வேண்டும்.

1972 மார்ச்சில் நிறைவேறிய சம வேலைவாய்ப்புச் சட்டம், தனியார் முதலாளிகளுக்கு 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொருந்திவந்த பாகுபாட்டுத் தடையை மாநில, நகர அரசுகளுக்கும் விரிவுபடுத்தியது. அதன் பிறகு காவல்துறைகள் பெண்களைத் தவிர்க்க விரும்பினால், ஆண்பால் என்பது அவ்வேலைக்கு இன்றியமையாத தகுதி என்று நிறுவ வேண்டியிருந்தது. எதிர்ப்பாளர்கள் முன்வைத்த காரணங்கள் மூன்று நான்கைத் தாண்டவில்லை: கைகலப்பில் பெண் தாக்குப்பிடிக்க மாட்டாள், உடன் செல்லும் ஆண் காவலர் தம் வேலையை விட்டு அவளைக் காப்பாற்றுவதில் கவனம் செலுத்துவார், பெண்ணைக் கண்டால் குற்றவாளிக்கு அச்சம் வராது, இருவரும் இரவு முழுதும் ஒரே வண்டியில் இருப்பதை ஆண் காவலரின் மனைவி ஏற்க மாட்டாள். இவற்றுள் கடைசியானது காவல் பணியைப் பற்றிய வாதமே அல்ல. முதல் மூன்றும் சோதித்துப் பார்க்கத்தக்கவை. ஆயினும் அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அந்தச் சோதனையைத் தலைநகர் வாஷிங்டன் மேற்கொண்டது. அந்நகரக் காவல்துறைத் தலைவர் ஜெரி வில்சனின் ஒப்புதலோடு, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியில் 1970இல் தோன்றிய போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம், புதிதாகச் சேர்ந்த 86 பெண்களையும் அதே காலத்தில் சேர்ந்த 86 ஆண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. பீட்டர் பிளாக், டெபோரா ஆண்டர்சன் ஆகியோர் தயாரித்த இறுதி அறிக்கை 1974இல் வெளிவந்தது. ரோந்து வண்டிகளில் பார்வையாளர்கள் உடன் சென்று குறிப்பெடுத்தனர். பொதுமக்களிடமும் மேலதிகாரிகளிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. இரு தரப்பினரும் ஒரே வகையான அழைப்புகளுக்கே சென்றனர். குடிபோதையிலும் கோபத்திலும் வன்முறையிலும் இருந்தவர்களை ஏறக்குறைய ஒரே அளவில் சந்தித்தனர். பொதுமக்களின் மனநிறைவும் ஒத்திருந்தது. பெண்கள் செய்த கைதுகளும் விதித்த போக்குவரத்து அபராதங்களும் குறைவு. காயத்தின் காரணமாக இலகுப் பணிக்கு மாற்றப்பட்டவர்களில் பெண்கள் அதிகம், ஆனால் அதனால் அவர்கள் வேலைக்கு வராத நாட்கள் அதிகரிக்கவில்லை. தகாத நடத்தைக்காகக் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்களில் ஆண்களே அதிகம். ரோந்துப் பணிக்குப் பால் ஒரு தகுதி ஆகாது என்று அறிக்கை முடிவு கூறியது.

இவ்வறிக்கையின் ஒரு குறையை அக்கால விமரிசகர்கள் சுட்டிக்காட்டினர்: உடல் வலிமையைத் தீர்மானமாக ஒப்பிடும் அளவுக்குக் கடும் வன்முறை நிகழ்வுகள் ஆய்வுக் காலத்தில் நேரவில்லை. விமரிசனம் நியாயமானதே. எனினும் அதற்குள்ளேயே மற்றொரு விடையும் அடங்கியிருக்கிறது. ஒரு பெருநகரின் தெருக்களில் பல மாதங்கள் உடன் சென்று பார்த்தும் ஒப்பிடுவதற்குப் போதுமான கைகலப்புகள் கிடைக்கவில்லை என்றால், அப்பணியின் பெரும்பகுதி கணவன் மனைவி சண்டை, அண்டை வீட்டார் தகராறு, காணாமற்போன குழந்தை, விபத்து போன்றவற்றால் ஆனது என்பதே பொருள். அரிதாக நேரும் மோதலிலும் ஒருவர் தனித்து மல்லுக்கட்டுவது துறையின் நடைமுறை அன்று. வானொலியில் துணை கேட்பதும், தூரம் காப்பதும், பேச்சால் சூட்டைத் தணிப்பதும் பயிற்சியில் கற்பிக்கப்படுபவை. ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆபத்தைக் கையாளும் திறமை தோள் வலியோடு முடிந்துவிடுவதில்லை.

அறிக்கை வெளியான அதே ஆண்டில் அந்நகரமே ஒரு பெரும் விலையைக் கொடுத்தது. 1974 ஏப்ரலில் பயிற்சி முடித்த கெயில் காப் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண் காவலர், செப்டம்பர் 20 அன்று வாஷிங்டனின் மையப் பகுதியில் நிலத்தடி வாகன நிறுத்தகம் ஒன்றில் சந்தேகத்துக்குரிய ஒருவனை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவன் சுட்ட குண்டு அவரது மணிக்கட்டைத் துளைத்து நெஞ்சில் பாய்ந்தது. ரோந்துக்கு வந்த புதிய தலைமுறைப் பெண்களில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்களில் அவரே முன்னவர். அவரது மரணத்தைப் பெண்களுக்கு எதிரான சான்றாகக் காட்ட எவரேனும் முனைந்திருந்தால், அது எவ்வகையிலும் பொருந்தாது: குண்டை எந்த உடல் வலிமையும் தடுப்பதில்லை, அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் பணியில் கொல்லப்பட்ட காவலர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்களே.

நேரடித் தடை சட்ட விரோதமான பின், தடை அளவுகோல்களின் வடிவம் எடுத்தது. குறைந்தபட்ச உயரமும் எடையும் அவற்றுள் முதன்மையானவை. அலபாமா மாநிலச் சிறைக் காவலர் பணிக்கு 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் வேண்டும் என்ற விதி, பெண்களில் 41 விழுக்காட்டினரை விலக்கியது. ஆண்களில் ஒரு விழுக்காட்டினரைக்கூட விலக்கவில்லை. 1977இல் தோத்தார்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதியைத் தள்ளியது: வலிமைதான் தேவை என்றால் வலிமையையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். ஆனால் அதே தீர்ப்பு, உச்சக் காவல் கொண்ட ஆண்கள் சிறைகளில் கைதிகளோடு நேரடித் தொடர்புள்ள பணிகளுக்குப் பெண்களை விலக்கலாம் என்றும் கூறியது. அச்சிறைகள் அவ்வளவு கட்டுக்கடங்காதவை, அங்கே பெண் என்பதே தாக்குதலைத் தூண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் காரணம். நீதிபதி தர்குட் மார்ஷல் இப்பகுதியில் உடன்படவில்லை. தாக்குகிறவனைத் தண்டிப்பதற்குப் பதிலாகத் தாக்கப்படக்கூடியவளின் வேலையைப் பறிப்பது எவ்வகை நீதி என்ற அவரது ஆட்சேபம், பாதுகாப்பின் பெயரால் பெண்களை வேலையிலிருந்து அகற்றும் எல்லா விதிகளுக்கும் பொருந்துவது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1973 வரை பெண்கள் ரோந்துக்கு அனுப்பப்படவும் இல்லை, சார்ஜென்ட் பதவிக்கு மேல் உயரவும் முடியவில்லை. அத்துறையின் சார்ஜென்ட் ஃபாஞ்சன் பிளேக் அவ்வாண்டு தொடுத்த வழக்கு, 1980களின் தொடக்கத்தில் நீதிமன்ற மேற்பார்வையிலான உடன்படிக்கையாக முடிந்து, பெண்களின் சேர்க்கைக்கு இலக்குகளை விதித்தது. அதன் பயன், யாரும் எதிர்பாராத ஓர் ஆவணத்தில் வெளிப்பட்டது. 1991 மார்ச்சில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அந்நகரக் காவலர்கள் அடித்து நொறுக்கிய காட்சி உலகெங்கும் ஒளிபரப்பான பின் அமைந்த கிறிஸ்டபர் ஆணையம், பலப்பிரயோகப் பதிவு மிக அதிகமாக இருந்த 120 காவலர்களின் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்று கண்டது. தேவைப்படும் இடத்தில் பலத்தைப் பயன்படுத்தப் பெண்கள் தயங்கவில்லை; வரம்பு மீறுவதில்தான் அவர்கள் ஆண்களிலிருந்து வேறுபட்டனர். உடல் வலிமைக் குறைவை மட்டுமே எடைபோட்டு வந்தவர்கள் தராசின் மறுதட்டில் வைக்க மறந்தது இதுவே.

ரோந்துக்கான இந்த நெடிய வழக்கின் கடைசிப் பெரும் அத்தியாயம் ஓட்டப் பாதையில் நடந்தது. ஃபிலடெல்ஃபியாவின் பொதுப் போக்குவரத்துக் காவல்துறை, விண்ணப்பதாரர்கள் ஒன்றரை மைலை 12 நிமிடங்களில் ஓட வேண்டும் என்று 1991இல் விதித்தது. 1991, 1993, 1996 ஆண்டுகளின் சராசரிப்படி ஆண்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினரும் பெண்களில் 12 விழுக்காட்டினரும் தேறினர். இத்தேர்வை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட லானிங் வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேலையை வெற்றிகரமாகச் செய்யத் தேவைப்படும் குறைந்தபட்சத் தகுதியையே தேர்வு அளக்க வேண்டும், அதிகமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் போதாது என்று நெறி வகுத்தது. ஆயினும் அந்நெறியின்படி வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 2002இல் துறையே வென்றது: நிலத்தடி நிலையங்களில் காவலர் தனியாக நடந்து ரோந்து செல்வதால் சக காவலருக்கு உதவ ஓட வேண்டிவரும், முறையாகப் பயிற்சி எடுத்தால் பெண்களில் பெரும்பாலோர் இத்தேர்வில் தேற முடியும். இத்தீர்ப்பின் இரண்டாம் பகுதி பெண்களின் உடலைப் பற்றி முந்தைய தலைமுறை கொண்டிருந்த கருத்தை முற்றாக மறுக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதற்பகுதியோ வழக்கின் ஆவணங்களோடு எளிதில் ஒத்துப்போவதில்லை. ஏற்கெனவே பணியில் இருந்த காவலர்களுக்கும் அத்துறை அதே ஓட்டத்தை வைத்தபோது கணிசமானோர் தோற்றனர். அவர்கள் மீது எடுத்த நடவடிக்கையைத் தொழிற்சங்கம் எதிர்த்ததால் துறை கைவிட்டது. தோற்றவர்கள் அதே நிலத்தடி நிலையங்களில் ரோந்தைத் தொடர்ந்தனர். ஓட்டத்தில் தேறாமலேயே 1991இல் பணியில் சேர்ந்துவிட்ட ஒரு பெண், பின்னர் அதே துறையின் பாராட்டைப் பெற்றார்.