ஒருசந்தியும் கள்மறுப்பும்: பினாங்குத் தமிழரிடையே தன்மறுப்பின் வரலாறு

ஒரு சமூகம் எதை உண்டது, எதை உடுத்தது, எதை ஈட்டியது என்பவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. எதை அது தானே விரும்பி விட்டொழித்தது என்பதை அவை அத்துணை விரிவாகக் கூறுவதில்லை. ஆயினும், ஒரு மக்களின் உள்ளத்தை அறிய விட்டொழித்தலின் வரலாறும் நல்ல சான்றாகும். இவ்வுரையில் கிறித்தவரின் தவக்காலத்தைத் தொடக்கமாகக் கொண்டு, பினாங்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த தமிழரிடையே தன்மறுப்பு என்னும் பண்பு எவ்வாறு இயங்கிற்று என்பதைக் காண முயல்கிறோம்.

முதலில் சொற்களை நோக்குவோம். திருநீற்றுப் புதனன்று தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாள்வரை நீளும் காலத்தைக் கத்தோலிக்கத் தமிழர் தவக்காலம் என்பர். நாட்களை எண்ணினால் நாற்பத்தாறு வரும். இடையிலுள்ள ஆறு ஞாயிறுகளை நீக்கினால் நாற்பது. முந்திய தலைமுறையினர் இதனைத் தபசு காலம் என்றும், அதன் முதல் நாளை விபூதிப் புதன் என்றும் வழங்கினர். நாளுக்கு ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்ளும் நோன்பு ஒருசந்தி எனப்பட்டது. புலால் நீக்கிய உணவு சுத்தபோசனம் எனப்பட்டது. தபசு, விபூதி, ஒருசந்தி, சுத்தபோசனம் ஆகியவற்றுள் எதுவும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சொல் அன்று. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பாஸ்கு என்னும் போர்த்துகீசியச் சொல்லை ஏற்ற தமிழர், நோன்புக்கு மட்டும் வேற்றுச் சொல் தேடவில்லை. பிற சமயத் தமிழர் வழங்கிய சொற்களே அவர்களுக்குப் போதுமாயின. நோன்பென்னும் பொருள் இம்மண்ணில் முன்பே வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இச்சொற்கள் எளிதில் நிலைபெற்றுவிடவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவியுடுத்தி, புலால் துறந்து, நாளுக்கு ஒருவேளை சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். துறவி என்று தமிழர் ஒருவரை ஏற்பதற்குரிய அடையாளம் உணவுக் கட்டுப்பாடே என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவருடைய முறையை எதிர்த்தோரும் பலர். திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த துர்னோன், சாணச் சாம்பலாலான திருநீற்றைக் கிறித்தவர் பூசுதல் கூடாது என்று 1704இல் ஆணையிட்டார். எனினும், குருத்தோலைச் சாம்பலை நெற்றியில் ஏற்கும் நாளுக்கு மக்கள் இட்ட பெயர் விபூதிப் புதனாகவே வழங்கிற்று. சடங்கின் உரிமை குறித்து அதிகாரிகள் வழக்காடினர். சொல்லை மக்கள் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

இச்சொற்களுக்குப் பின்னால் நெடிய சிந்தனை மரபு ஒன்று உண்டு. திருக்குறள் தவத்திற்கென ஓர் அதிகாரம் வகுத்து, தன் துன்பத்தைப் பொறுத்தலையும் பிறவுயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் அதன் வடிவமாகக் கூறுகிறது. ஆனால் ஈகை அதிகாரமோ, பசியைப் பொறுக்கும் வலிமையைப் பிறர் பசியை மாற்றும் வலிமைக்கு அடுத்த படியில் வைக்கிறது. ஆகவே, நோன்பு தன்னளவில் நின்றுவிடுமாயின் அது இரண்டாந்தரமே. விவிலியத்தில் எசாயா நூலின் 58ஆம் அதிகாரமும் பசித்தவனோடு உணவைப் பகிர்தலையே உண்மை நோன்பாகச் சுட்டுகிறது. இரு வேறு நிலங்களில் தோன்றிய இரு நூல்கள் ஒரே முடிவை எட்டியிருப்பது நம் கருத்திற்குரியது.

இனிப் பினாங்குக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்த அதே ஆண்டில், ஆயர் கர்னோ கெடாவிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்களோடு இங்கு வந்தார். 1808இல் பாரிஸ் மறைபரப்புச் சபையினரின் பொதுக் குருமடம் இத்தீவில் நிலைகொண்டது. தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இலும், குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இலும் எழுந்தன. சில நிமிட நடைத் தொலைவுக்குள் ரமலான் நோன்பும், தைப்பூசத்துக்கு முன்னரான சைவ விரதமும், தவக்கால ஒருசந்தியும் இருநூறு ஆண்டளவாக அருகருகே நடந்து வருகின்றன. தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் புலால் நீக்கி, தரையில் படுத்து, புலனடக்கி நாட்களைக் கழிக்கிறார். 2025இல் மலேசியாவில் ரமலான் மார்ச் 2ஆம் நாளிலும், தவக்காலம் மார்ச் 5ஆம் நாளிலும் தொடங்கின. ஜார்ஜ் டவுனில் அண்டை வீட்டார் இருவர் ஒரே திங்களில் தத்தம் நெறிப்படி நோன்பிருக்கும் காட்சி புதுமையன்று.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. வயிறார உண்பவன் ஒருவேளையை விடுவது தன்மறுப்பு. ஒருவேளை உணவுக்கே உழல்பவன் எதை விடுவான்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1910இல் ஒப்பந்த முறை முடிவுற்ற பின்னரும் ரப்பர்த் தோட்டங்களில் அவர்தம் வறுமை முடிவுறவில்லை. கடும் உடலுழைப்பு உடையோர்க்கு நோன்பிலிருந்து விலக்கு அளிப்பது திருச்சபையின் பழைய மரபு. வறுமையால் வரும் பட்டினிக்கு நோன்பு என்று பெயரிடுதல் தகாது என்னும் அறிவு அம்மரபில் உண்டு. வேறு வழியின்றி இழப்பதும், வழியிருந்தும் விடுவதும் வேறு வேறாம். இவ்வேறுபாட்டை மறந்து, ஏழைக்குச் சிக்கனமும் பொறுமையும் போதிப்பவர் தன்மறுப்பைப் பற்றிப் பேசுபவராகார்.

ஆயினும், தோட்டத் தொழிலாளரிடமும் விடுதற்குரிய பொருள் ஒன்று இருந்தது. அது கள். அரசின் உரிமத்துடன் தோட்டங்களிலேயே கள்ளுக்கடைகள் நடந்தன. உழைப்பின் களைப்பை மறக்க மாலையில் அங்கே சென்றவனின் கூலியில் ஒரு பகுதி அங்கேயே தங்கிற்று. அதன் விளைவை வீட்டிலிருந்த பெண்களும் பிள்ளைகளும் சுமந்தனர். தமிழகத்தில் 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். மறியலின் தலைவரான பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டச் செய்தார் என்பது பலரும் அறிந்தது. தனக்கு வருவாய் தரும் பொருளைத் தானே அழித்தல் தன்மறுப்பின் கடினமான வடிவம். அப்பெரியார் 1929 டிசம்பரில் நாகம்மையாருடன் பினாங்கில் வந்திறங்கி, மலாயாத் தமிழரிடையே சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பினார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோர் வழிகாட்ட எழுந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒரு கோரிக்கையாயிற்று. ஐரோப்பிய அதிகாரியின் முன் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவை நீக்குமாறும் அவர்கள் கேட்டனர். இரண்டும் ஒரே பட்டியலில் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. கள்ளை விடுதல் தன்மதிப்பைப் பெறுதலின் ஒரு கூறு என்று அத்தொழிலாளர் கண்டனர்.

போருக்குப் பின், பினாங்குக்கு அண்மையிலுள்ள தென் கெடாவில் இவ்வுணர்வு மீண்டும் எழுந்தது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். 1947இல் பீடோங்கில் காவலருக்கும் தொழிலாளருக்குமிடையே மோதல் மூண்டது, பலர் கைதாயினர். கள்ளருந்தாமையை ஒரு குற்றமெனக் கருத இயலாது. ஆயினும் கூட்டமாக நின்று அதனை மறுத்தபோது அது ஆட்சியாளர்க்கு அச்சமூட்டிற்று. தன் ஆசையை அடக்கக் கற்றவன் பிறர் அடக்குமுறைக்கு எளிதில் பணியமாட்டான் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும்.

இவ்வியக்கத்தைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. குடியை விடாதவரைத் தொண்டர்கள் வலிந்து திருத்தவும் தண்டிக்கவும் முற்பட்டனர். தன்மறுப்பு என்னும் சொல்லில் ‘தன்’ என்பதே உயிர். அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது மறுப்பு. அதுவும் பிறர்மீது சுமத்தப்பட்ட மறுப்பு. மேலும், ஒன்றை விட்ட இடம் வெறுமையாகவே இருந்தால் அதனினும் தீயது அங்கு வந்து சேரும். பிற்காலத்தில் கள்ளின் இடத்தைச் சம்சு என்னும் மலிவான கடுஞ்சாராயம் பற்றிக்கொண்டது. அதனை எதிர்த்து எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டு பரப்புரை செய்தது. முஸ்லிம் தமிழர் ஒருவரின் தலைமையில், பெரும்பாலும் இந்துக்களும் கிறித்தவர்களுமான தோட்டக் குடும்பங்களின் நலனுக்காக எழுந்த அக்குரல், இத்தீவின் நோன்பு மரபுகள் ஒன்றையொன்று தழுவிய இடமாகும்.

திருச்சபையும் கட்டாயத்திலிருந்து விருப்பத்தை நோக்கி நகர்ந்துள்ளது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையால் நோன்பு நாட்கள் குறைந்தன. இன்று திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமே ஒருசந்திக்குரிய கட்டாய நாட்கள். பதினெட்டு வயது நிரம்பியோரையே அக்கடமை சாரும். விதி சுருங்கியதால் கடமை எளிதாயிற்று என்று எண்ணலாம். ஆனால் எதை விடுவது என்னும் வினா இப்போது ஒவ்வொருவரிடமும் வந்துவிட்டது. ஒருவர் புகையிலையை விடுகிறார். ஒருவர் இனிப்பை விடுகிறார். ஒருவர் கைப்பேசியில் கழிக்கும் மாலை நேரத்தை விடுகிறார். விட்டதால் மிஞ்சிய பணமும் பொழுதும் யாரைச் சென்றடைகின்றன என்பதே அந்நோன்பின் உரைகல்.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது, ஒருசந்தி என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். அச்சொல்லைத் தம் வீட்டுப் பாட்டியிடம் கேட்டு வருமாறு மாணவரை அனுப்பலாம். வெவ்வேறு சமய வீடுகளிலிருந்து அவர்கள் கொண்டுவரும் விளக்கங்களை ஒப்பிட்டால், பாடநூலில் இல்லாத பினாங்கு வரலாறு கரும்பலகையில் எழும். அவற்றுள் எது விரும்பி விட்டது, எது வேறு வழியின்றி இழந்தது என்று பிரித்தறியப் பயிற்றுவித்தல் ஆசிரியர் பணி.