ஈரோட்டு மண்டியும் நகராண்மைத் தலைமையும்

ஈ. வெ. இராமசாமியார்க்குப் 'பெரியார்' என்னும் பெயர் 1938ஆம் ஆண்டு சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில் வழங்கப்பெற்றது. அன்று அவர்க்கு அகவை 59. அதற்கு முற்பட்ட வாழ்வில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர் ஈரோட்டு மண்டி வணிகர். அதன் இறுதிப் பகுதியில் அவ்வூர் நகராண்மைக் கழகத் தலைவர். வரலாறு எழுதுவோர் பலர் இப்பகுதியைப் பிற்காலப் பொதுவாழ்வின் முன்னுரையாகக் கொண்டு விரைந்து கடந்து விடுகின்றனர். ஊராட்சிப் பதவியில் நற்பெயர் பெற்ற ஒருவர் பின்னர் வாழ்நாள் முழுதும் ஆட்சிப் பதவியை நாடாதிருந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின் மண்டியையும் நகராண்மைக் கழகத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் வேண்டும். அம்முயற்சியையே நாம் ஈண்டு மேற்கொள்கின்றோம்.

வணிகப் பயிற்சி

காவிரியின் மேல்கரையில் அமைந்த ஈரோடு, அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இருப்புப்பாதைச் சந்திப்பு அமைந்தமையால் சுற்றுப்புற ஊர்களின் விளைபொருள் திரளும் வணிக ஊராக அது வளர்ந்தது. இராமசாமியாரின் தந்தையார் வெங்கட்டர் கூலி வேலையில் தொடங்கிச் சிறுகடை வைத்து, பின்னர்ப் பெருவணிகராக உயர்ந்தவர். 1879 செப்டம்பர் 17இல் பிறந்த மைந்தர் சில ஆண்டுகளே பள்ளியில் பயின்றார். ஏறத்தாழப் பன்னிரண்டாம் அகவையில் தந்தையாரின் மண்டியில் அமர்ந்தார். 1904இல் துறவு மேற்கொண்டு காசி வரை சென்று மீண்டபின், மண்டி அவர் பெயருக்கே மாற்றப்பெற்றது.

மண்டி என்பது வெறும் கடையன்று. உழவர் வண்டியேற்றிக் கொணரும் விளைபொருளை இறக்கி வைத்தல், எடை போடுதல், வெளியூர் வணிகர்க்கு விற்றுத் தருதல், தரகு கழித்து எஞ்சிய தொகையை அளித்தல் ஆகியவை மண்டிக்காரர் கடமைகள். விளைச்சலுக்கு முன்னரே முன்பணம் கொடுப்பதும் உண்டு. ஆதலின் அத்தொழிலின் முதற்பொருள் நம்பிக்கையே. யாருடைய சொல் நிற்கும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், இரு தரப்பாரின் வழக்கை எவ்வாறு தீர்க்கலாம் என்பனவற்றை அறியாதவர் அங்கு நிலைத்தல் அரிது. பல சாதியினரும் பல சமயத்தினரும் நாள்தோறும் வந்து செல்லும் இடமாகவும் அது விளங்கிற்று. ஏட்டுக் கல்வி குறைந்த இராமசாமியார்க்கு மண்டியே கணக்கும் வழக்கும் கற்பித்த பள்ளி எனலாம்.

பொதுப் பொறுப்புகள்

1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தல ஆட்சித் தீர்மானமும் அதன் பின்னர்ச் சென்னை மாகாணத்தில் 1884இல் இயற்றப்பெற்ற சட்டமும் நகராண்மைக் கழகங்களில் தேர்தல் முறைக்கு இடம் வகுத்தன. எனினும் வரி செலுத்துவோரே வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். ஆகவே சிறுநகரங்களில் வழக்கறிஞர், நிலக்கிழார், வணிகர் ஆகியோர் கையிலேயே தல ஆட்சி அமைந்தது. சேலத்தில் 1917 முதல் 1919 வரை நகராண்மைத் தலைவராயிருந்த இராஜகோபாலாச்சாரியார் வழக்கறிஞர். அண்மை நகரமாகிய ஈரோட்டின் தலைவர் வணிகர். இருவரிடையே நட்பு வளர்ந்தமைக்கு இப்பதவித் தொடர்பும் துணை செய்தது.

இராமசாமியார் நகராண்மைத் தலைமையோடு கௌரவ நீதிபதி, தேவஸ்தானக் குழுத் தலைவர் முதலிய பொறுப்புகளையும் வகித்தார். பிற்காலத்தில் கடவுள் மறுப்பைப் பரப்பியவர் அன்று கோயில் நிருவாகத்தைச் செம்மையாக நடத்தினார் என்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். பிறர் பொருளைக் கணக்குப் பிசகாமல் காத்து ஒப்புவித்தல் மண்டிக்காரர்க்குப் பழகிய கடமை என்பதை நினைப்பின் அவ்வியப்பு நீங்கும். ஊரில் பிளேக் நோய் பரவியபோது பலர் ஊரைவிட்டு அகல, அவர் தங்கியிருந்து உதவினார் எனவும், காவிரி நீரைக் குழாய் வழி நகர மக்களுக்குக் கிடைக்கச் செய்தார் எனவும் அவர்தம் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஆற்றங்கரையில் இருந்தும் குடிநீர்க்கு அலைந்த ஊர்க்கு இது பெரும்பேறாயிற்று.

துறந்தவை இரண்டு

1919ஆம் ஆண்டு ரௌலட் சட்ட எதிர்ப்பாலும் ஜாலியன்வாலாபாக் படுகொலையாலும் நாடு கொந்தளித்த ஆண்டு. அவ்வாண்டில் இராமசாமியார் நகராண்மைத் தலைமையைத் துறந்தார்; தாம் வகித்த 29 பொறுப்புகளையும் விட்டு விலகியதாகக் கூறுவர். பின்னர்க் காங்கிரசுப் பணியில் முழுமையாக ஈடுபட்டார். வணிகமும் அத்துடன் முடிவுற்றது.

இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஒத்துழையாமை இயக்கம் நீதிமன்றங்களைப் புறக்கணிக்குமாறு பணித்தது. கடன் பத்திரத்தின் வலிமையோ இறுதியில் நீதிமன்றத்தையே சார்ந்தது. வாழ்க்கை வரலாறுகள் தரும் செய்தியின்படி, ஏறத்தாழ 50,000 ரூபாய் பெறுமான பத்திரங்களை அவர் வழக்கிடாமல் விட்டுவிட்டார். சேலம் விசயராகவாச்சாரியார் அவற்றைத் தம் பெயருக்கு மாற்றித் தந்தால் தாமே வழக்கிட்டுப் பெற்றுத் தருவதாகக் கூறியபோதும் இசைந்திலர். தாம் செல்லாத மன்றத்திற்குப் பிறரை அனுப்புவதும் சென்றதற்கு ஒப்பே என்பது அவர் கருத்து. தேசியக் கொள்கைக்காகச் சிறை சென்றோர் பலர்; அதற்காகத் தம் பேரேட்டையே மூடிய வணிகர் சிலரே.

பிற்கால விளைவு

நகராண்மைப் பட்டறிவு அவருடைய பிற்கால அரசியலில் பதிந்த இடம் ஒன்றுண்டு என நாம் கருதுகின்றோம். 1925இல் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரசு மாநாட்டில் அவர் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை வற்புறுத்தினார். அஃது ஏற்கப்படாமையால் கட்சியை விட்டு வெளியேறினார். ஓர் அவையில் அமர்வோர் யாவர் என்பதைப் பொறுத்தே அதன் முடிவுகளும் அமையும் என்பதைத் தல ஆட்சியில் இருந்தோர் கண்கூடாக அறிவர். குழாய் எத்தெருவிற்கு முதலில் செல்லும் என்பதும் அத்தகைய முடிவுகளுள் ஒன்றே. அவ்வறிவு இக்கோரிக்கைக்கு ஒரு வேராயிருந்திருக்கலாம்.

1940, 1942 ஆகிய ஆண்டுகளில் மாகாண ஆட்சி அமைக்க அழைப்பு வந்தபோது அவர் மறுத்தார். 1944இல் சேலத்தில் பெயர் மாற்றம் பெற்ற திராவிடர் கழகம் தேர்தலில் நில்லா இயக்கமாகவே நடந்தது. ஆதலின் ஈரோட்டு நகராண்மைத் தலைமையே அவர் வகித்த ஆட்சிப் பதவிகளுள் முதன்மையானது. பதவியின் பயனை அவர் அறியாதவர் அல்லர். குடிநீர்க் குழாய் அதற்குச் சான்று. வரி செலுத்துவோர் சிலரின் வாக்கால் வரும் பதவி தெருவுக்கு நீர் தரும். அத்தெருவில் யார் யாரைத் தீண்டலாம் என்னும் வழக்கை மாற்றாது. இவ்வெல்லையை உள்ளிருந்து கண்டவராதலின் அவர் வெளியிலிருந்து போராடத் துணிந்தார் என்பது நம் முடிபு.

சிறுநகர வணிகர் பலர் தல ஆட்சியில் நுழைந்து அரசியலாளர் ஆயினர். அவர்தம் வரலாறுகளை எழுதப் புகும் ஆய்வு மாணவர் மேடைப் பேச்சுகளோடு நில்லாது, நகராண்மைக் கழகத் தீர்மானப் பதிவேடுகளையும் மண்டிக் கணக்கேடுகளையும் தேடிப் படித்தல் வேண்டும். தமிழக அரசியல் வரலாற்றின் அடித்தளம் அவ்வேடுகளிலும் உள்ளது.