நெறி கட்டுதலும் புற்றுநோயாளியின் தயக்கமும்

கரிசல் பூமியான ஓட்டப்பிடாரம் பக்கம் காலில் கருவேல முள் ஏறிப் புண் வைத்துவிட்டால் தொடையிடுக்கில் உருண்டையாகத் திரண்டு வலிக்கும். 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள். புண் ஆறினால் தானே வற்றிவிடும் என்று விட்டுவிடுவார்கள். நிணநீர்க்கணு கிருமியோடு மல்லுக்கட்டுகிறது என்று மருத்துவம் சொல்வதை ஊர் தன் சொல்லில் அறிந்தே வைத்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்ணின் அக்குளில், கொரோனாத் தடுப்பூசிக்குப் பின் அதே நெறி கட்டினால் கதை வேறு. பழைய நோய் திரும்பிவிட்டதோ என்றுதான் மனம் முதலில் ஓடும்.

2021இன் தடுப்பூசித் தயக்கத்தை அறியாமை என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது வழக்கமாகிவிட்டது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு 17 அன்று மறைந்தது தமிழகம் முழுவதும் அச்சத்தைக் கிளப்பியது உண்மை. ஊசி அதற்குக் காரணமன்று என்று தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அறிவிக்க அக்டோபர் ஆயிற்று. புற்றுநோயாளியின் தயக்கத்துக்கோ எழுத்துச் சான்றே இருந்தது. எதிர்ப்பாற்றல் குன்றியோர் கோவாக்சினைத் தவிர்க்கட்டும் என்றது ஜனவரியில் பாரத் பயோடெக் வெளியிட்ட தகவல் தாள். மார்ச் 1 முதல் 45–59 வயதினரில் யாருக்கு முன்னுரிமை என மத்திய அரசு வகுத்த 20 இணைநோய்களின் பட்டியலிலோ புற்றுநோய் இடம்பெற்றது. ஒரு தாள் வேண்டாம் என்றது, மற்றொன்று முந்தி வா என்றது. இங்கே போடப்பட்ட கோவாக்சின், கோவிஷீல்டு இரண்டிலுமே உடலில் பெருகவல்ல கிருமி இல்லை என்ற ஒரு வரியை அந்தப் பட்டியலோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

காய்ச்சல் இன்னும் சிக்கலானது. கீமோ ஊசிக்குப் பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள், வெள்ளணுக்கள் சரியும். அப்போது 38 டிகிரி காய்ச்சல் கண்டால் இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பது புற்றுநோய்ப் பிரிவின் கட்டளை. தடுப்பூசி முகாமிலோ, ஓரிரு நாள் காய்ச்சல் இயல்பு, பாராசிட்டமால் போதும் என்பார்கள். இரண்டும் சரியான அறிவுரைகளே. ஆனால் அந்த மாத்திரை ஆபத்தான காய்ச்சலையும் மறைத்துவிடும். நள்ளிரவில் தூத்துக்குடிக்கு வண்டி பிடிப்பதா, மாத்திரையைப் போட்டுப் படுப்பதா என்று ஓட்டப்பிடாரத்து வீட்டில் தவிப்பவரை அறியாதவர் என்று எப்படிச் சொல்வது? கீமோ நாளையும் ஊசி நாளையும் சேர்த்துப் பார்த்துத் தேதி குறித்திருந்தால் இந்தத் தவிப்பில் பாதி குறைந்திருக்கும்.

ஊசி எதையாவது செய்துவிடுமோ என்று நோயாளி அஞ்சினார். எதுவும் செய்யாமல் போய்விடுமோ என்பதே மருத்துவம் அஞ்ச வேண்டியிருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 200 புற்றுநோயாளிகளைச் சோதித்தபோது, திடக்கட்டிப் புற்றுநோயினரில் 98 விழுக்காட்டினரிடம் எதிர்ப்புரதம் உருவாகியிருந்தது. இரத்தப் புற்றுநோயினரில் அது 85. ரிட்டக்சிமாப் வகை மருந்து பெற்றவரில் 70. (அங்கே போடப்பட்டவை வேறு ஊசிகள்.) எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு அமெரிக்கா 2021 ஆகஸ்டிலேயே மூன்றாம் தவணையைப் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று தொடங்கிய முன்னெச்சரிக்கைத் தவணை, சுகாதார, முன்களப் பணியாளர் நீங்கலாக, 60 வயது கடந்த இணைநோயாளருக்கு மட்டுமே. ஐம்பது வயது இரத்தப் புற்றுநோயாளி ஏப்ரல் வரை காத்திருந்து, தனியார் மையத்தில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

நெறிக்கு வருவோம். கோவிஷீல்டின் தாள் அதை நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய விளைவுகளில் சேர்த்திருக்கிறது. அறுவை நடந்த பக்கத்துக்கு மறுகையில் ஊசி போடுவது பரவலாகப் பரிந்துரைக்கப்பட்ட எளிய வழி. பெட் ஸ்கேனில் அக்குள் கணு ஒளிரும்போது, ஊசி என்றைக்கு, எந்தக் கையில் என்பதுதான் படம் படிப்பவரின் முதல் கேள்வி. கோவின் தளம் தந்த தடுப்பூசிச் சான்றிதழில் தேதி இருந்தது, மருந்தின் பெயர் இருந்தது, பிரதமரின் படமும் இருந்தது. கை எது என்று குறிக்க இடமில்லை.