மதர்போர்டோடு போகும் உரிமம்

விண்டோஸ் 95, 98 காலத்தில் உரிமம் என்றால் ஒரு சீடி, அச்சடித்த கீ, ஒரு சான்றிதழ். பழைய கேபினெட்டைக் கழித்துவிட்டுப் புதிதாக அசெம்பிள் செய்தாலும் அதே கீயை அடித்தால் போதும், மெஷின் மறுபேச்சு பேசாது. ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தொழிலுக்கு நான் வந்தபோது, காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவருக்கு அதைப் புது மெஷினுக்குக் கொண்டுபோவது ஒரு வேலையாகவே இருந்ததில்லை.

2001 அக்டோபர் 25 அன்று எக்ஸ்பி வந்ததும் அது மாறியது. ஆக்டிவேஷன் என்ற புது வழக்கத்தில், ப்ராசஸர், ராம், ஹார்ட் டிஸ்க், டிஸ்ப்ளே கார்டு என்று பத்து விவரங்களை விண்டோஸ் குறித்துவைத்துக்கொண்டது. அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை அந்த ஜூலையிலேயே பெர்லினிலிருந்து ஒரு நிறுவனம் அலசி வெளியிட்டிருந்தது. நெட்வொர்க் கார்டு அப்படியே இருந்தால் மற்றவற்றில் ஐந்து மாறினாலும் தாங்கும். அந்தக் கார்டும் மாறிவிட்டால், அதையும் சேர்த்து மூன்றோடு நின்றுவிடும். அதனால் மெஷினைப் புதுப்பிக்கும்போது பழைய லேன் கார்டைக் கழற்றிப் புது போர்டில் சொருகிவிடுவேன்.

அப்படியும் அந்த வரம்பைத் தாண்டிவிட்டால் மைக்ரோசாஃப்ட்டுக்குப் போன்தான். திரையில் 50 இலக்கம் வரும். ஆறாறாகப் பிரித்து நிதானமாக வாசிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து. மறுமுனையில் சொல்லும் 42 இலக்கத்தை எழுதிக்கொண்டு அடிக்க வேண்டும். கடையில் கூட்டம் நிற்கும்போது ஒரு காதைப் பொத்திக்கொண்டு அந்த எண்களைக் கேட்டு எழுதியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

புது மெஷினோடு சேர்த்து விற்கும் ஓ.இ.எம். உரிமத்தில்தான் உண்மையான வலி. ரீடெய்லைவிட விலை குறைவு என்பதால் அசெம்பிள் செய்த மெஷின்களில் அதைத்தான் போட்டோம். முதலில் ஏற்றிய கம்ப்யூட்டரோடு அது முடிந்துவிடும் என்பது விதி. எது கம்ப்யூட்டர் என்றால், மதர்போர்டு. போர்டு பழுதாகி மாற்றினால் உரிமம் தொடரலாம். வேகம் வேண்டும் என்று மாற்றினால் புதிதாக வாங்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் கெபாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்து செத்தது ஏராளம். அதே மாடல் கிடைக்காது. புது போர்டுக்குப் பழைய ராம் சேராது, ப்ராசஸர் சேராது. பழுதுக்காக மாற்றியதா, வேகத்துக்காக மாற்றியதா? வாடிக்கையாளருக்காகப் போனில் இதை விளக்கியபோதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது. திருட்டு சீடி போட்டவருக்கு இந்த விசாரணையே கிடையாதே!

ஜெர்மனியில் உச்ச நீதிமன்றம் 2000 ஜூலையிலேயே, மெஷினோடுதான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையை ஓ.இ.எம். பிரதியை வாங்கித் தனியாக விற்கும் வியாபாரி மீது சுமத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்பு என்றே இன்றும் நினைக்கிறேன்.

2006 அக்டோபரில் விஸ்டாவின் ஒப்பந்தம் வெளியானபோது, முழு விலை கொடுத்த ரீடெய்ல் உரிமத்தையும் ஒரே ஒரு முறைதான் வேறு மெஷினுக்கு மாற்றலாம் என்று இருந்தது. சொந்தமாக மெஷின் கட்டுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். நவம்பர் தொடக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் அந்த வரியைத் திருத்தியது. பழைய மெஷினிலிருந்து நீக்கிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றானது. தொழிலில் நான் பார்த்த பெரிய வெற்றி அது.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, பெரிய கம்பெனி மெஷின்களில் ஸ்டிக்கர் போய், கீ மதர்போர்டில் உள்ள சிப்புக்குள்ளேயே ஏறியது. 2016 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டோ, உரிமத்தை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு இணைக்க வழி செய்தது. அதனால் இப்போது போர்டு மாற்ற வருபவரிடம், மெஷின் ஓடும் நிலையில் இருந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே செட்டிங்ஸைத் திறந்து அந்த இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். இல்லையென்றால் அவர் கையாலேயே லாகின் செய்யச் சொல்லி இணைத்த பிறகுதான் போர்டைக் கழற்றுவேன்.