பக்கவாதமும் குடும்பத்தாரும்

பக்கவாதம் கண்டவரைத் திருப்பிப் படுக்கவைப்பதும், சோறூட்டுவதும், கைத்தாங்கலாக நடத்துவதும் தமிழகத்தில் நெடுங்காலமாகக் குடும்பத்தாரின் வேலை. அதற்கான முறையான பயிற்சி பின்னரே வந்தது. விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசின் முயற்சியால் 1966இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் உருவானது. பின்னர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் ‘அட்டெண்ட்’ ஆய்வு நடந்தது. பாதிப் பேரின் வீட்டாருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தரப்பட்டது. ஆறு மாதங்களில் இறப்போ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை என 2017இல் முடிவு வெளியானது. குடும்பத்தாரை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதை அது உணர்த்தியது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. பக்கவாதம் கண்டவர்களின் குடும்பங்களுக்கு இத்தகைய தொடர் துணையே பெரும் ஆறுதல்.