குக்கீயின் வரலாறு

குக்கீ என்பது ஓர் இணையதளம் நம் உலாவியில் வைக்கும் சிறு எழுத்துக்குறிப்பு ஆகும். மறுமுறை அத்தளத்துக்குச் செல்லும்போது உலாவி அதைத் தானாகவே திருப்பி அனுப்பும்.

தோற்றம்

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. சற்றுமுன் ஒரு பக்கத்தைக் கேட்டவரே இப்போது மற்றொன்றைக் கேட்கிறார் என்பது வழங்கிக்குத் தெரியாது. 1994 இல் எம்.சி.ஐ. நிறுவனத்துக்காக நெட்ஸ்கேப் இணைய வணிகச் செயலி ஒன்றை உருவாக்கியபோது இக்குறை இடையூறாயிற்று. வாங்குவோர் கூடையில் இட்ட பொருள்களின் விவரத்தைத் தன் வழங்கியில் வைத்திருக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. அதை வாங்குபவரின் கணினியிலேயே வைக்கலாம் என்று நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மொன்டூலி வழி கண்டார். யூனிக்ஸ் நிரலாளர்களிடையே வழங்கிய ‘மேஜிக் குக்கீ’ என்ற சொல்லே பெயராயிற்று.

ஒவ்வோர் உலாவிக்கும் ஒரு நிலையான அடையாள எண் கொடுத்திருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் எல்லாத் தளங்களும் அவ்வெண்ணைக் கொண்டு ஒருவரைப் பின்தொடரலாம் என்பதால் மொன்டூலி அதை ஏற்கவில்லை. ஒரு தளம் வைத்த குக்கீயை வேறு தளம் படிக்க முடியாதபடி அமைத்தார்.

மூன்றாம் தரப்புக் குக்கீ

இந்தக் காப்பிலும் ஒரு வழி திறந்திருந்தது. ஒரே விளம்பர நிறுவனத்தின் படம் பல தளங்களில் இடம்பெற்றால், அங்கெல்லாம் அந்நிறுவனத்தின் குக்கீ அதற்கே திரும்பிச் செல்லும். ஒருவர் செய்தி படித்த தளத்தையும் மருந்து தேடிய தளத்தையும் அது இணைத்துப் பார்க்கலாம்.

1997 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 2109 என்னும் தரநிலை, இத்தகைய குக்கீகளை உலாவிகள் இயல்பாக அனுமதிக்கக் கூடாது என்றது. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைப் பின்பற்றவில்லை. ஆப்பிளின் சஃபாரி அவற்றை முழுமையாகத் தடுத்தது 2020 மார்ச்சில்தான். குரோமிலிருந்து அவற்றை நீக்கப்போவதாக 2020 இல் அறிவித்த கூகுள், 2024 இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

நிரலாளர் கையில்

ஜாவாஸ்கிரிப்டில் ‘டாக்குமென்ட்.குக்கீ’ வழியே குக்கீகளைக் கையாள்வர். படித்தால் எல்லாம் அரைப்புள்ளியிட்ட ஒரே சரமாக வரும். வேண்டியதை நாமே பிரித்தெடுக்க வேண்டும். அழிக்க வேண்டுமானால், காலாவதி நாளைக் கடந்துபோன தேதியாக மாற்றி எழுத வேண்டும்.

இச்சிரமத்தைக் குறைக்கவே ஜேஎஸ்-குக்கீ போன்ற சிறு நிரலகங்கள் வந்தன. இதில் வைக்க ‘செட்’, படிக்க ‘கெட்’, அழிக்க ‘ரிமூவ்’ என மூன்று கட்டளைகள் போதும். காலாவதிக்கு 7 என்று கொடுத்தால் குக்கீ 7 நாள்கள் இருக்கும். வைக்கும்போது பாதை, தளப்பெயர் கொடுத்திருந்தால் அழிக்கும்போதும் அவற்றையே கொடுக்க வேண்டும். இல்லையேல் குக்கீ அழியாது. வழங்கி ‘எச்.டி.டி.பி. ஒன்லி’ என்று குறித்த குக்கீயை எந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரலகமும் படிக்க முடியாது. உள்நுழைவு அடையாளத்துக்கு அதுவே பாதுகாப்பானது.

1997 இலேயே விதி எழுதப்பட்டும், நடைமுறையை முடிவு செய்தது உலாவியின் தொடக்க அமைப்பே. ஏனெனில் பெரும்பாலோர் அதை மாற்றுவதில்லை. தளம் அமைக்கும் மாணவர் காலாவதிக்கு இடும் எண்ணும் அத்தகையதே. 7 என்பதா, 365 என்பதா என்று பயனருக்காக அவரே முடிவு செய்கிறார்.